ஈமேக்ஸில் பாட்டுக் கேட்கக் கம்பைலர் எதற்கு?

நேயர்களுக்கு வணக்கம். ஈமேக்ஸ் உரைத்தொகுப்பிக்குள்ளிருந்தே பாட்டுக் கேட்க உதவும் எம்ஸ் பொதியைப் பற்றி இன்று பேசப் போகிறேன். பாட்டை ஒலிக்கச் செய்யும் வேலையை எம்ஸ் தானே செய்வதில்லை; எம்பிவி, விஎல்சி போன்ற நிரல்களிடம் அதை ஒப்படைத்துவிடுகிறது. அதன் சொந்தப் பொறுப்பு, பாடல் பட்டியலைப் பராமரிப்பதும், ஒவ்வொரு கோப்பிலும் பதிந்திருக்கும் தலைப்பு, பாடகர், ஆல்பம், நேர அளவு ஆகியவற்றைப் படித்துக் காட்டுவதும்தான். புதிதாக வருபவர்கள் நெடுங்காலமாகச் சிக்கிக்கொண்டது இந்த இரண்டாவது வேலையில்.

முன்பு இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஆக்இன்ஃபோ, எம்பி3இன்ஃபோ போன்ற சிறு நிரல்களைக் கோப்புக்கு ஒரு முறை இயக்கி, அவை அச்சிடுவதை அலசி எடுப்பது ஒன்று. கோப்பு வகைக்கு ஒரு நிரல் நிறுவ வேண்டும். ஆயிரக்கணக்கான பாடல்கள் இருந்தால் அத்தனை முறை நிரலைத் தொடங்க வேண்டும். மற்றொன்று, பாடல் கோப்புகளின் குறிப்புகளைப் படிக்கும் டேக்லிப் என்னும் சி++ நூலகத்தோடு இணைத்து நாமே கம்பைல் செய்துகொள்ளும், அதாவது மூலநிரலிலிருந்து இயங்கு நிரலாகத் தொகுத்துக்கொள்ளும், எம்ஸ்-பிரின்ட்-மெட்டாடேட்டா என்ற சிறு நிரல். அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் ஈமேக்ஸின் பொதி நிர்வாகி, குனு எல்பா என்னும் பொதிக் களஞ்சியத்திலிருந்து இறக்கும் லிஸ்ப் (ஈமேக்ஸின் சொந்த நிரல்மொழி) கோப்புகளை மட்டுமே தொகுக்கும். சி நிரல்களை அது தொடுவதே இல்லை. ஆகவே பொதியை ஒரே கட்டளையில் நிறுவிய ஒருவர், பாடல் தலைப்புகள் தெரிய வேண்டுமானால் டெர்மினலைத் திறந்து, டேக்லிப்பின் மேம்பாட்டுப் பொதியைத் தேடி நிறுவி, மேக் கட்டளையை இயக்க வேண்டியிருந்தது. விண்டோஸ் பயனர்களின் அவதியைச் சொல்லவே வேண்டாம்.

இப்போதைய எம்ஸில் இருக்கும் எம்ஸ்-இன்ஃபோ-நேட்டிவ் என்ற பகுதி இந்தச் சுமையை இறக்கி வைத்தது. எம்பி3, ஃபிளாக், ஆக் வோர்பிஸ், ஓபஸ் ஆகிய கோப்புகளை முழுக்க ஈமேக்ஸ் லிஸ்ப்பிலேயே அது படித்துவிடுகிறது. லிஸ்ப்பில் பைட்டுகளைப் பிரிப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். ஆனால் ஒலியை டிகோட் செய்வது வேறு, கோப்பின் முகவரிச் சீட்டைப் படிப்பது வேறு. பைட்டுகளின் வடிவத்தை விவரித்தால் பிரித்துத் தரும் பின்டாட் என்னும் வசதி ஈமேக்ஸோடு சேர்ந்தே வருகிறது. கோப்பின் குறிப்பிட்ட ஒரு பகுதியை மட்டும் வாசிக்கவும் ஈமேக்ஸால் முடியும்.

திரையில் ஓர் எம்பி3 கோப்பை, பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ்ல்-மோடில் திறந்திருக்கிறேன். முதல் மூன்று பைட்டுகள் ஐடி3 என்ற எழுத்துகள்; தலைப்பு, பாடகர் போன்ற குறிப்புகளை எம்பி3 கோப்பில் பதியும் டேக்கின் பெயர் அது. அடுத்த இரண்டு பதிப்பு எண். பிறகு டேக்கின் அமைப்புகளைக் குறிக்கும் ஒரு கொடி பைட். அதன்பின் வரும் நான்கு பைட்டுகள் டேக்கின் நீளம். இந்த நீளத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒவ்வொரு பைட்டிலும் 7 பிட்டுகள் மட்டுமே கணக்கில் சேரும், ஆகவே 0, 0, 2, 1 என்று இருந்தால் அது 513 அன்று, 257. டேக்கின் நீளத்தை எம்பி3 ஒலிச்சட்டத்தின் தொடக்கம் என்று பிளேயர்கள் தவறாக எண்ணிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு புலத்தின் நீளமும் 2.3 பதிப்பில் சாதாரண 32 பிட் எண்ணாகவும், 2.4 பதிப்பில் மீண்டும் 7 பிட் கணக்காகவும் எழுதப்படுவதால், பதிப்பு எண்ணைப் பார்க்காமல் படிக்கும் நிரல் நீளமான புலங்களில் தடுமாறிவிடும்.

தமிழ்ப் பாடல்களைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது பழைய ஐடி3 முதல் பதிப்பை. அது கோப்பின் கடைசி 128 பைட்டுகளில் இருக்கும். தலைப்புக்கு அதில் 30 பைட்டுகள்தான். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் தேவைப்படுவதால், ‘கல்யாணி’ என்ற சொல் மட்டுமே 21 பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். ‘கல்யாணி ராகம்’ என்று எழுதினால் ‘ரா’ வரை இடம் கிடைக்கும், அடுத்து வரும் ககரத்தின் முதல் இரண்டு பைட்டுகள் மட்டும் துண்டாக நின்று திரையில் குப்பையாகத் தெரியும். பட்டியலில் இப்படிப்பட்ட தலைப்பைப் பார்த்தால் எம்ஸைக் குறை சொல்லாதீர்கள். கோப்பில் இரண்டாம் பதிப்பு டேக்கைச் சேருங்கள். ஃபிளாக், ஆக் கோப்புகளில் இந்தத் தொல்லை இல்லை, அவற்றின் குறிப்புகள் எப்போதும் யூடிஎஃப்-8தான், நீளக் கட்டுப்பாடும் இப்படிக் குறுகலானதன்று.

வேகத்தில் டேக்லிப்பை லிஸ்ப் வெல்லாது. ஆனாலும் எம்ஸ் ஒரு முறை படித்ததைத் தற்காலிகச் சேமிப்பில் வைத்துக்கொள்வதால், அந்தத் தாமதம் புதிய கோப்புகளைச் சேர்க்கும்போது மட்டுமே தெரியும். பொதி செய்பவர்களுக்கோ லாபம் பெரிது: இயந்திர வகைக்கு ஒன்றாகத் தனித்தனிப் பொதி கட்ட வேண்டியதில்லை, நூலகத்தின் பதிப்பு மாறியதும் மீண்டும் தொகுக்க வேண்டியதில்லை.

எம்4ஏ கோப்புகள் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது போதாது. அவர்கள் எக்ஸிஃப்டூல் என்ற வெளி நிரலை நிறுவி, எம்ஸ்-இன்ஃபோ-ஃபங்ஷன்ஸ் என்ற மாறியின் பட்டியலில் எம்ஸ்-இன்ஃபோ-எக்ஸிஃப்டூலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டேக்கைத் திருத்தி எழுதும் வேலையும் இன்னும் வெளி நிரல்களிடமே இருக்கிறது. அது அங்கேயே இருப்பதுதான் நல்லது என்பது என் கருத்து: படிக்கும்போது பிழை நேர்ந்தால் ஒரு தலைப்புதான் தெரியாமல் போகும், எழுதும்போது நேர்ந்தால் பாட்டே போய்விடும்.