தள்ளுவண்டிப் பணமும் அரை சதவீதமும்

வணக்கம் நேயர்களே. முதல் உலகப் போரில் தோற்ற பிறகு ஜெர்மனியில் வந்த மக்களாட்சியான வைமார் குடியரசு என்றதும் பலருக்கும் ஒரே படம்தான் நினைவுக்கு வரும்: தள்ளுவண்டி நிறைய நோட்டுக் கட்டு, ரொட்டி வாங்கப் போகும் ஒரு மனிதர். பணம் செல்லாக்காசானது, மக்கள் கொதித்தார்கள், ஹிட்லர் வந்தார் என்று மூன்றே வரியில் கதையை முடித்துவிடுவார்கள். இந்தக் கதையோடு எனக்கு ரொம்ப நாளாகத் தகராறு.

தள்ளுவண்டி பொய்யில்லை. 1923 ஜனவரியில், தோற்ற ஜெர்மனி தர வேண்டிய போர் இழப்பீடு ஒழுங்காக வந்துசேரவில்லை என்று பிரான்சும் பெல்ஜியமும் ஜெர்மனியின் ரூர் பகுதிக்குள் படையை இறக்கின. நிலக்கரிச் சுரங்கமும் எஃகு ஆலையும் நிறைந்த இடம் அது. அங்கிருந்த தொழிலாளர்களை வேலை நிறுத்தச் சொன்ன ஜெர்மன் அரசு, சம்பளத்தைத் தானே தருவதாக ஏற்றுக்கொண்டது. கஜானாவில் ஏது? அச்சடித்தார்கள். உலகப் போர்ச் செலவையே பெரிதாக வரி போடாமல் கடனிலும் நோட்டிலும் ஓட்டிப் பழகிய கை.

அரசு அச்சகம் போதாமல் தனியார் அச்சகங்களும் நோட்டடித்தன. அவசரத்தில் பல நோட்டுகளுக்கு ஒரு பக்கம்தான் அச்சு, மறுபக்கம் வெறும் காகிதம். பழைய நோட்டு சேகரிப்பவர்களிடம் இன்றும் பார்க்கலாம். என்னிடமும் ஒன்று இருக்கிறது. கோடிக்கணக்கில் மதிப்பு போட்டிருக்கிறது, மலிவாகத்தான் வாங்கினேன்! அன்றைக்குச் சம்பளத்தைத் தினமும் கொடுத்தார்கள். வாங்கிய கையோடு கடைக்கு ஓட வேண்டும், சாயங்காலம் விலை வேறு. போருக்கு முன் ஒரு டாலருக்கு 4.2 மார்க். 1923 நவம்பரில் 4.2 லட்சம் கோடி மார்க். அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்பவர்களுக்காக மறுபடி சொல்கிறேன்: 4 மார்க் சொச்சமாக இருந்த டாலர், 4 லட்சம் கோடி சொச்சம் ஆனது.

போருக்காக அரசுக்குக் கடன் கொடுத்து, நாட்டை நம்பிப் போர்ப் பத்திரம் வாங்கியவர் ஓட்டாண்டி ஆனார். கடன் வாங்கி ஆலைகளை வளைத்துப் போட்ட தொழிலதிபர் ஹூகோ ஸ்டின்னஸ் போன்றவர்கள், வாங்கிய கடனைச் செல்லாக்காசில் அடைத்துக் கொழுத்தார்கள். எல்லோரையும்விடப் பெரிய கடனாளி அரசுதான்; அதன் உள்நாட்டுப் போர்க்கடன் காற்றில் கரைந்தது. இதைப் பாடப்புத்தகம் சொல்லாது.

சரி, என் தகராறுக்கு வருகிறேன். பணம் அதலபாதாளத்தில் கிடந்த அதே நவம்பரில்தான் ஹிட்லர் மியூனிக்கில் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தார். ஒரே நாளில் தோற்றார், சிறைக்குப் போனார். அடுத்த வாரமே ரென்டன்மார்க் என்ற புதுப் பணம் வந்தது. 1 லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு ரென்டன்மார்க். விலை நின்றது. 1928 தேர்தலில் ஹிட்லர் கட்சிக்குக் கிடைத்தது 2.6 சதவீதம், 12 இடங்கள். தள்ளுவண்டி போய் ஐந்து வருஷம் ஆகிவிட்டது, கவனியுங்கள். சேமிப்பை இழந்தவர்களின் கசப்பு ஆறவில்லை என்பது உண்மை. ஆனால் கசப்பு மட்டும் ஓட்டாகிவிடவில்லை.

அப்புறம் என்ன நடந்தது? நேரம் ஆகிறது என்று கைகாட்டுகிறார்கள், வேகமாகச் சொல்கிறேன். 1929-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்ததும், ஜெர்மனியைத் தாங்கிய அமெரிக்கக் கடன் வற்றியது. வேலையில்லாதோர் காப்பீட்டுக்கான சந்தாவை 3.5 சதவீதத்திலிருந்து 4 ஆக்குவதா என்ற சண்டையில், 1930 மார்ச்சில் பிரதமர் ஹெர்மன் முல்லரின் கூட்டணி அரசு கவிழ்ந்தது. ஆமாம், அரை சதவீதம்! அடுத்துப் பிரதமராக வந்த ப்ரூனிங், நாடாளுமன்றத்தைக் கேட்காமலே ஜனாதிபதி ஆணை போட இடம் தரும் அரசியல் சட்டத்தின் 48-ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு, ஜனாதிபதி ஹிண்டன்பர்க்கின் அவசர ஆணைகளால் ஆண்டார். சம்பளத்தை வெட்டினார், வரியை ஏற்றினார். அந்த செப்டம்பர் தேர்தலில் ஹிட்லர் கட்சியின் 12 இடம் 107 ஆனது. 1932 தொடக்கத்தில் வேலையில்லாதவர் 60 லட்சம் பேர். ஜூலைத் தேர்தலில் ஹிட்லர் கட்சிக்கு 230 இடங்கள். அந்த வருஷம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள் 5, அவசர ஆணைகள் 60-க்கும் மேல்.

ஹிட்லரைப் பிரதமராக்க முன்னாள் பிரதமர் பாப்பன் நடத்திய பேரத்தை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், முடியாது போலிருக்கிறது. ஒன்று மட்டும். 1932 நவம்பர் தேர்தலில் ஹிட்லர் கட்சி 34 இடங்களை இழந்தது. அப்படி இறங்குமுகத்தில் இருந்தவரைத்தான் 1933 ஜனவரி 30-ஆம் தேதி கூப்பிட்டுப் பிரதமர் பதவியில் உட்கார வைத்தார்கள். வணக்கம்.