பக்கத்து இருக்கையில் இருப்பவர்

வணக்கம். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு அல்சைமர் நோயின் ஆரம்ப நிலை என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவர் இன்னமும் கார் ஓட்டுகிறார். அப்படியென்றால் இந்தப் பேச்சு முக்கியமாக உங்களுக்குத்தான். இந்த நிலையில் இருப்பவர்களோடு காரில் போய், அவர்கள் ஓட்டுவதை மதிப்பிடுவது என் வேலை.

வீட்டார் பெரும்பாலும் ஒன்றையே சொல்வார்கள். "காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் தெரியாது. ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் பழைய ஆள்தான்." உண்மைதான். கிளட்ச், கியர் எல்லாம் கையும் காலும் பழகிய வேலை. அந்தப் பழக்கம் சீக்கிரம் போகாது. ஆனால் சாலையில் நாலு பக்கமும் பார்த்து, எதிரே வருகிற வண்டியின் தூரத்தைக் கணித்து, சட்டென்று முடிவெடுக்கிற திறமை முன்னாலேயே குறையத் தொடங்கும். கை சரியாக இருப்பதைப் பார்த்துத்தான் நாம் ஏமாந்துபோகிறோம்.

ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை. நாற்பது வருடம் லாரி ஓட்டியவர். அன்று மனைவி பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். இருபது நிமிடம் ஒரு குறையும் இல்லை. அப்புறம்தான் கவனித்தேன், அந்த அம்மா மெதுவான குரலில் பேசிக்கொண்டே வருகிறார். "சிக்னல் மாறிடுச்சு." "முன்னாடி வண்டி நிக்குது பாருங்க." "இப்போ திரும்பலாம்." நான் கேட்டபோது, அப்படிப் பேசியதே அவருக்குத் தெரியவில்லை. இரண்டு வருடப் பழக்கம் அது. அந்த அம்மாவை இறக்கிவிட்டு அதே வழியில் மறுபடி போனோம். சிக்னல் இல்லாத சந்திப்பு, எதிர்வரும் வண்டிகளைக் கடந்து திரும்ப வேண்டும். இண்டிகேட்டரைச் சரியாகப் போட்டார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பின்னால் ஹாரன் அடித்ததும், எதிரே பார்க்காமலே வண்டியை எடுத்துவிட்டார். என் பக்கம் இருந்த பிரேக்கை நான் மிதித்தேன்.

அதனால்தான் போகிற இடமெல்லாம் இதைச் சொல்கிறேன்: பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கேளுங்கள். அமெரிக்க நரம்பியல் அகாடமி 2010இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. "நான் நன்றாகத்தான் ஓட்டுகிறேன்" என்று நோயாளி சொல்வதை வைத்து முடிவெடுக்க முடியாது. பாதுகாப்பில்லை என்று உடன் இருப்பவர் சொன்னால் அதற்கு மதிப்புண்டு. நோயாளி பொய் சொல்லவில்லை. தன் குறையைத் தானே உணர முடியாமல் போவதும் இந்த நோயின் ஒரு பகுதி.

நோயின் பெயரைக் கேட்டதுமே சாவியைப் பிடுங்கிவிடவும் வேண்டாம். லேசான மறதி நோய் உள்ளவர்களில் 76 சதவீதம் வரை சாலைச் சோதனையில் தேறியிருக்கிறார்கள் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் இன்றைக்குத் தேறியது இன்றைக்கு மட்டும்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். பழகிய வழியில் தடுமாறுவது, காரில் புதுக் கீறல்கள், பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது, இதில் எதைக் கண்டாலும் ஆறு மாதம் காத்திருக்காதீர்கள். அவரோடு பேரப்பிள்ளையைத் தனியாக அனுப்பத் தயங்குகிறீர்களா? அப்போதே சோதனைக்கு அழைத்து வாருங்கள்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். எப்படி நிறுத்தச் சொல்வது என்பதை விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் யோசித்துப் பேசக்கூடிய இப்போதே, அவரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். ஓட்டுவதை நிறுத்தியபின் பலருக்கு மனச்சோர்வு வருகிறது. அதனால், இனி அவரை யார், எந்த நாளில், எங்கே அழைத்துப் போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சாவியைப் பற்றி அதற்கு அப்புறம் பேசலாம். நன்றி, வணக்கம்.