துடிக்கத் துடிக்கத் தேயும் அலை

நண்பர்களே, 2011 ஆகஸ்ட் 23 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், மினரல் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் நிலம் நடுங்கியது. அளவு 5.8. பெரிய நடுக்கம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சுமார் 130 கி.மீ. தள்ளி நிற்கும் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சிக் கற்களில் விரிசல் விழுந்தது. தெற்கே ஜார்ஜியா முதல் வடக்கே கனடா வரை ஆட்டம் தெரிந்தது. 2004இல் கலிஃபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் வந்ததோ 6.0, வெளிவந்த ஆற்றல் ஏறக்குறைய இருமடங்கு. அதை உணர்ந்த வட்டாரம் இதைவிட மிகச் சிறியது.

சரி, ஏன்?

அலை பரவப் பரவ மெலிவது எல்லா அலைக்கும் பொது. அதற்கு மேல் இன்னொரு இழப்பு உண்டு. ஒவ்வொரு துடிப்பிலும் பாறையின் துகள்கள் உரசும், விரிசல்களில் தேங்கிய நீர் அசையும். ஆற்றலில் ஒரு சிறு பங்கு வெப்பமாகப் போய்விடும். ஒரே தொலைவில் அதிகமுறை துடிக்கும் அலை அதிகமுறை இழக்கிறது. இந்த இழப்பு குறையக் குறையப் பெரிதாகும் எண்ணுக்கு க்யூ என்று பெயர்.

கணக்கு பிடிக்காதவர்கள் ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 3.5 கி.மீ. வேகத்தில் போகும் அலை 100 கி.மீ. கடக்க 29 நொடி பிடிக்கும். க்யூ 200 என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு ஒருமுறை துடிக்கும் அலையின் வீச்சில் 64 சதவீதம் மிஞ்சும். பத்துமுறை துடிப்பதில் மிஞ்சுவது வெறும் 1 சதவீதம்! க்யூ 1000 ஆக இருந்தால் அதே அலையில் 41 சதவீதம் தப்பிவிடும். (உண்மையில் க்யூவே அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும். மேடைக் கணக்குக்கு இது போதும்.)

கிழக்கு அமெரிக்காவின் மேலோடு பழையது, குளிர்ந்து இறுகியது; அங்கே க்யூ அதிகம். மேற்கே இருப்பது பிளவுகள் நொறுக்கிப் போட்ட, சூடு கூடிய பாறை. வர்ஜீனியாவின் வேகமான துடிப்புகள் தூணுச்சி வரை போய்ச் சேர்ந்தது அதனால்தான்.

தேய்ந்ததெல்லாம் வெப்பமாகிவிடுவதும் இல்லை. மேலோட்டின் ஒழுங்கற்ற இடங்களில் மோதிச் சிதறும் அலைகள் சுற்றிவளைத்து, தாமதமாக வந்து சேரும். பதிவுத்தாளில் முதன்மை அலைகளுக்குப் பின்னால் நீண்டு இழுபடும் அந்த வாலைத்தான் 1969இல் ஜப்பானிய அறிஞர் கெய்டி அகி எடுத்து ஆராய்ந்தார். மற்றவர்கள் இரைச்சல் என்று தள்ளியிருக்கக்கூடிய பகுதி அது!

அப்புறம், கட்டடங்கள். ஓரிரு மாடி வீடுகளை ஆட்டுவது வேகமான துடிப்பு. பத்து மாடிக்கு நொடிக்கு ஒன்று போதும். அதனால் அமெரிக்காவின் நிலநடுக்க ஆபத்து வரைபடத்தில் கிழக்குக்கும் மேற்குக்கும் தனித்தனிச் சூத்திரங்களை வைத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் கணக்கை அப்படியே வர்ஜீனியாவுக்குப் போட்டால், தொலைவில் நிற்கும் செங்கல் வீட்டுக்கு வரும் ஆட்டம் குறைவாகத்தான் காட்டும்.