லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் பார்க்கலாமா? அமெரிக்க டி.ஓ. டாக்டர்களுக்கு உள்ள விலக்குகள்

[திரையில்: வெள்ளைக் கோட்டு, பெயர்ப்பட்டையில் ‘டி.ஓ.’]

அமெரிக்காவில் டாக்டரின் பெயருக்குப் பின்னால், அங்கே வழக்கமான மருத்துவப் பட்டமான எம்.டி.க்குப் பதில் டி.ஓ. (டாக்டர் ஆஃப் ஆஸ்டியோபதிக் மெடிசின்) என்று இருந்தால் பயப்படாதீர்கள். அவரும் முழு டாக்டர்தான். மருந்து எழுதலாம், ஆபரேஷன் செய்யலாம். மிசோரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் 1892-ல் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கிய பள்ளியின் வழி வந்தது இந்தப் படிப்பு. பிரிட்டனில் ஆஸ்டியோபாத் என்பவர் கையால் சிகிச்சை தருபவர். அந்தப் பட்டத்தை வைத்து இங்கே டி.ஓ. ஆகிவிட முடியாது.

லைசென்ஸ் கொடுப்பது மாநிலம். டெக்சாஸில் இரு வகை டாக்டர்களுக்கும் ஒரே வாரியம். அரிசோனா, கலிபோர்னியா, மிச்சிகனில் டி.ஓ.க்களுக்குத் தனி வாரியம். பொதுவாக ஒரு மாநிலத்து லைசென்ஸ் பக்கத்து மாநிலத்தில் செல்லாது. சட்டமே விட்டுவைத்திருக்கும் சில வாசல்களைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

[திரையில்: டெக்சாஸ் வரைபடம், சான் அன்டோனியோ]

பெரிய வாசல் ராணுவம். சான் அன்டோனியோவில் புரூக் ராணுவ மருத்துவமனை இருக்கிறது. மிசோரி லைசென்ஸ் உள்ள ஒரு ராணுவ டி.ஓ. அங்கே மாற்றலாகி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். டெக்சாஸ் லைசென்ஸ் கேட்க மாட்டார்கள். ஏதாவது ஒரு மாநிலத்து லைசென்ஸ் நடப்பில் இருந்தால் போதும். அதே டாக்டர் சனிக்கிழமை கூடுதல் வருமானத்துக்காக ஊருக்குள் ஒரு தனியார் கிளினிக்கில் உட்கார்ந்தால்? டெக்சாஸ் லைசென்ஸ் கட்டாயம். விலக்கு அவர் பார்க்கும் அரசு வேலைக்குத்தான்; வேலை முடிந்ததும் அதுவும் முடிந்தது.

முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் துறையும் இப்படித்தான். அந்தத் துறை டாக்டர்கள் மாநில எல்லை தாண்டி வீடியோவில் நோயாளி பார்க்கலாம் என்று 2018-ல் சட்டமே வந்துவிட்டது.

அதிகம் பேர் தடுக்கி விழுவது ஆலோசனை விலக்கில். அரிசோனாவின் பீனிக்ஸில் உள்ள டாக்டர், ஒரு நோயாளியின் ஸ்கேனைப் பற்றி ஒஹையோவில் இருக்கும் டி.ஓ.விடம் போனில் கருத்துக் கேட்கிறார். இது சரி, பேச்சு டாக்டருக்கும் டாக்டருக்கும் இடையில், முடிவு பீனிக்ஸ்காரருடையது. அதே ஒஹையோ டி.ஓ. வாராவாரம் அந்த நோயாளியை நேராக வீடியோவில் பார்த்து மருந்து எழுதினால் அது ஆலோசனை இல்லை, பிராக்டீஸ். ‘எப்போதாவது’ என்ற நிபந்தனையைப் பல மாநிலங்கள் போடுவதே இதற்காகத்தான்.

அவசர உதவி, பிரார்த்தனை, வீட்டு வைத்தியம் ஆகியவற்றுக்கும் பல மாநிலங்களில் விலக்கு உண்டு. பேரனுக்குச் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுக்கும் பாட்டிமேல் கேஸ் வராது!

2017-ல் நடைமுறைக்கு வந்த மாநிலங்களுக்கு இடையிலான மருத்துவ லைசென்ஸ் ஒப்பந்தத்தையும் சிலர் விலக்கு என்று நினைக்கிறார்கள். அது லைசென்ஸைச் சீக்கிரம் வாங்க ஒரு குறுக்கு வழி மட்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் லைசென்ஸும் தனி, கட்டணமும் தனி.

[திரையில்: அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசல்]

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. மகள் வீட்டுக்கு வந்திருக்கும் டாக்டர் அப்பா, வழியில் மயங்கி விழுந்தவருக்கு முதலுதவி செய்யலாம். ‘அங்கிள், சுகருக்கு என்ன மாத்திரை மாத்தலாம்?’ என்று பக்கத்து ஃபிளாட்டில் கேட்டால், உள்ளூர் டாக்டரிடம் அனுப்பிவிடுவதே நல்லது. ஊரில் முப்பது வருஷ அனுபவம் இருந்தாலும், மேலே சொன்ன வாசல் எதுவும் அதற்குத் திறக்காது.