கரண்ட் போனாலும் பாடம் அழியாமல் இருக்க: ஸ்வாப்பைப் பெரிதாக்குவது எப்படி?

வணக்கம். யாங்கூனிலிருந்து பேசுகிறேன். இப்போதுதான் கரண்ட் வந்தது. தெருவில் பிள்ளைகள் "மீ லா பீ!", அதாவது பர்மிய மொழியில் கரண்ட் வந்துவிட்டது என்று கத்தியது வீடியோவின் தொடக்கத்தில் உங்களுக்கும் கேட்டிருக்கும். மறுபடி போவதற்குள் இந்த வேலையை முடித்துவிட வேண்டும்.

மேசையில் இருப்பது எங்கள் தமிழ் வகுப்பின் லேப்டாப். ஞாயிற்றுக்கிழமை வகுப்பெடுக்கும் அக்கா இதில்தான் பாடம் தட்டச்சு செய்கிறார். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி வட்டு, இயங்குதளம் லினக்ஸ் மின்ட். பேட்டரி பழையது, அரை மணி நேரம்கூட முழுதாக நிற்காது. போன வாரம் அக்கா வேற்றுமை உருபுகளுக்கு நான்கு பக்கப் பயிற்சித் தாள் தயார் செய்துகொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. மூடியை மூடி வைத்துவிட்டு சமைக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்து திறந்தால் கருப்புத் திரை. அவ்வளவு வேலையும் போய்விட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை, லேப்டாப்பை வாங்கி வந்துவிட்டேன்.

மூடியை மூடினால் நடப்பது சஸ்பெண்ட். அதில் எல்லாம் ரேமிலேயே இருக்கும், ரேமுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பேட்டரி தீர்ந்தால் ரேமில் இருந்ததும் போய்விடும். ஹைபர்னேட் வேறு மாதிரி. ரேமில் இருப்பதை வட்டில் எழுதி வைத்துவிட்டு, இயந்திரத்தை முழுதாக அணைத்துவிடும். ஒரு வாரம் கழித்துத் திறந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அது எழுதப்படும் இடம்தான் ஸ்வாப், ரேமுக்குத் துணையாக வட்டில் ஒதுக்கி வைப்பது. நம்மைப் போல முறை வைத்துக் கரண்ட் வாங்குகிறவர்களுக்கு ஸ்வாப்பின் அளவு இதனால்தான் முக்கியம்.

கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து, வட்டின் பிரிவுகளைக் காட்டும் எல்எஸ்பிஎல்கே (lsblk) என்று அடிக்கிறேன், திரையைப் பாருங்கள். வட்டு 256 என்று வாங்கியது, இங்கே 238 என்று காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றவில்லை. வட்டு செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், இந்தக் கட்டளை 1024 ஆக எண்ணுகிறது. முதல் பார்ட்டிஷன், அதாவது வட்டின் முதல் பிரிவு, அரை ஜிபி, அது இஎஃப்ஐ. கணினி துவங்கத் தேவையான கோப்புகள் அதில்தான் இருக்கின்றன, அதைத் தொடவே கூடாது. இரண்டாவது ரூட், லினக்ஸும் அக்காவின் கோப்புகளும் இருக்கும் இடம், கிட்டத்தட்ட 236. கடைசியில் மூன்றாவது, ஸ்வாப், வெறும் 2 ஜிபி. நிறுவியவர் கையால் பிரித்து வைத்திருக்கிறார். ரேம் 8, ஸ்வாப் 2. அக்கா உலாவியில் பத்து பக்கம் திறந்து வைத்துக்கொண்டு ஹைபர்னேட் செய்தால் எங்கே போய் எழுதும்?

எவ்வளவு வைக்கலாம் என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். ரேமைப் போல இரண்டு மடங்கு என்பது ரேம் குறைவாக இருந்த காலத்துக் கணக்கு, இன்றைக்கு 16 ஜிபி ரேம் உள்ளவர் 32 ஜிபி ஒதுக்க வேண்டாம். ஹைபர்னேட் தேவையில்லை என்றால் 2, 4 ஜிபி போதும். தேவை என்றால் ரேம் அளவும் அதற்கு மேல் கொஞ்சமும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் அந்தப் பதிவைச் சுருக்கித்தான் எழுதப் பார்க்கும், ஆனால் ஏற்கெனவே ஸ்வாப்பில் வேறு ஏதாவது இருந்தால் இடம் போதாமல் போகலாம். இதற்கு நான் 10 ஜிபி வைக்கிறேன்.

பார்ட்டிஷனா, ஸ்வாப் கோப்பா? உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸில் 17.04-லிருந்து கோப்பைத்தான் இயல்பாக வைக்கிறார்கள், அளவை மாற்றுவது சுலபம். ஆனால் கோப்பிலிருந்து ஹைபர்னேட் மீள வேண்டும் என்றால், அந்தக் கோப்பு வட்டில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற எண்ணையும் கர்னலுக்குச் சொல்ல வேண்டும். கோப்பை அழித்து மறுபடி உருவாக்கினால் அந்த எண் மாறலாம். அக்கா கையில் கொடுக்கிற இயந்திரத்துக்கு அது வேண்டாம் என்று பார்ட்டிஷனையே வைத்துக்கொள்கிறேன். ஃபெடோரா என்ற லினக்ஸில் 33-லிருந்து இயல்பாக வரும் இசட்ரேம் நல்ல விஷயம்தான், ஆனால் அது ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப். ஹைபர்னேட்டுக்கு அதனால் பயனில்லை.

சரி, இனி வட்டில் கை வைக்கிறோம். முதலில் பேக்கப். அக்காவின் பாடங்கள் எல்லாம் இந்த வெளி வட்டில் இருக்கின்றன, இரண்டு கோப்புகளைத் திறந்தும் பார்த்துவிட்டேன். ரூட்டின் கோப்பு முறைமை இஎக்ஸ்டி4 வகை. அதை ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. அதனால் வட்டைத் தொடாமல் யுஎஸ்பியிலிருந்தே ஓடும் லைவ் மின்டைத் துவக்கி, பார்ட்டிஷன்களை மாற்றும் ஜிபார்ட்டட் செயலியைத் திறந்திருக்கிறேன்.

ஸ்வாப் பக்கத்தில் ஒரு சின்னச் சாவிப் படம் தெரிகிறதா? லைவ் மின்ட்டே அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வலது சொடுக்கு, பயன்பாட்டை நிறுத்தும் ஸ்வாப்ஆஃப். சாவி மறைந்துவிட்டது. இப்போது அதை நீக்கலாம். அடுத்து ரூட். அதன் வலது விளிம்பைப் பிடித்து 8 ஜிபி உள்ளே தள்ளுகிறேன். கடைசியில் கிடைக்கும் 10 ஜிபியில் புது ஸ்வாப். இதுவரை வட்டில் எதுவும் மாறவில்லை, எல்லாம் கீழே வரிசையில் காத்திருக்கிறது. அந்தப் பச்சை டிக்கை அழுத்தினால்தான் வேலை ஆரம்பிக்கும்.

அழுத்துவதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். வலது விளிம்பு என்று சொன்னேன் அல்லவா, இடது விளிம்பை நகர்த்தவே நகர்த்தாதீர்கள். வலதை உள்ளே தள்ளினால் அந்த ஓரத்தில் இருக்கும் கொஞ்சம் தரவு மட்டும் இடம் மாறும். இடதை நகர்த்தினால் உள்ளே இருக்கும் அத்தனையும் முதலிலிருந்து கடைசி வரை நகல் எடுக்கப்படும், மணிக்கணக்கில். மூன்று வருடங்களுக்கு முன் பெரியப்பா வீட்டு மேசைக் கணினியில் நான் அதைத்தான் செய்தேன். விண்டோஸ் இருந்த இடத்தை நீக்கிவிட்டு லினக்ஸை இடப்பக்கம் விரித்தேன். நான்கு மணி நேரம் ஆகும் என்று காட்டியது. இரண்டாவது மணி நேரத்தில் கரண்ட் போயிற்று, யுபிஎஸ் கிடையாது. பாதி பழைய இடத்தில், பாதி புது இடத்தில். பெரியப்பாவின் கல்யாணப் படங்களை ஸ்கேன் செய்து வைத்தது அதில்தான் இருந்தது. அச்சுப் படங்களை ஏற்கெனவே மழைக்கால ஈரம் தின்றிருந்தது. அவர் என்னைத் திட்டவே இல்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது. அதனால் கேட்டுக்கொள்கிறேன்: பேக்கப் இல்லாமல் செய்யாதீர்கள், கரண்ட் வந்த உடனே தொடங்குங்கள், போகிற நேரம் நெருங்கினால் தள்ளிப்போடுங்கள்.

பச்சை டிக். முதலில் கோப்பு முறைமையைச் சோதிக்கிறது, பிறகு சுருக்குகிறது. முடிந்தது.

இனி நிறைய பேர் தடுக்கி விழும் இடம். யுஎஸ்பியை எடுத்துவிட்டு வழக்கம் போல் துவக்குகிறேன், பாருங்கள். கருப்புத் திரையில் சிவப்பு நட்சத்திரங்கள் இங்கும் அங்கும் ஓடுகின்றன. ஓரத்தில் நொடி எண்ணிக்கை, எல்லை 1 நிமிடம் 30 நொடி. கணினி கெட்டுவிடவில்லை. ஸ்வாப்பைப் புதிதாக உருவாக்கியதால் அதன் யுயுஐடி, அதாவது அடையாள எண், மாறிவிட்டது. துவங்கும்போது எந்தப் பார்ட்டிஷன்களை இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய எண் இருக்கிறது, அதனால் கணினி இல்லாத ஒன்றைத் தேடிக் காத்திருக்கிறது. 90 நொடி பொறுத்தால் உள்ளே போய்விடும்.

உள்ளே வந்தாயிற்று. பிஎல்கேஐடி கட்டளை புது எண்ணைக் காட்டுகிறது. அதை எஃப்எஸ்டேப்பில் ஸ்வாப் வரியில் ஒட்டுகிறேன். கையால் அடிக்காதீர்கள், 36 எழுத்தில் ஒன்று தவறினாலும் மறுபடி நட்சத்திரங்கள்தான். அப்புறம் ரெஸ்யூம் என்ற அமைப்புக் கோப்பிலும் அதே எண், பிறகு துவக்கத்தில் முதலில் ஏற்றப்படும் சின்னக் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்கும் கட்டளை. ஹைபர்னேட்டிலிருந்து எழும்போது எங்கே தேடுவது என்று கணினிக்குத் தெரிவது இதனால்தான். கட்டளைகள் எல்லாம் திரையில் பெரிதாக இருக்கின்றன, நிறுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயாஸில் செக்யூர் பூட் என்ற துவக்கப் பாதுகாப்பைப் போட்டிருந்தால் கர்னல் ஹைபர்னேட்டை அனுமதிக்காமல் போகலாம். நான் அணைத்திருக்கிறேன்.

சோதித்துப் பார்ப்போம். எழுதும் செயலியான ரைட்டரில் புதுக் கோப்பு. "ஐ, ஆல், கு, இன், அது, கண்" என்று அடித்துவிட்டு, சேமிக்காமல் ஹைபர்னேட் கொடுக்கிறேன். விளக்கு அணைந்தது. சார்ஜரைப் பிடுங்குகிறேன், பேட்டரியையும் கழற்றி மேசையில் வைக்கிறேன். இப்போது இதற்குள் துளி மின்சாரம் கிடையாது. ஐந்து நிமிடம் விடுகிறேன்.

பேட்டரியை மாட்டித் துவக்குகிறேன். கடவுச்சொல். இதோ, ரைட்டர் திறந்தே இருக்கிறது. "கண்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கர்சர் மின்னிக்கொண்டிருக்கிறது.

மூடியை மூடினால் சஸ்பெண்டுக்குப் பதில் ஹைபர்னேட் ஆகும்படி மின் அமைப்பில் மாற்றி, இன்று சாயங்காலமே அக்கா வீட்டில் கொடுத்துவிடுவேன். உங்கள் இயந்திரத்தில் எங்காவது சிக்கினால் எல்எஸ்பிஎல்கே காட்டுவதை அப்படியே கருத்தில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். இங்கே விளக்கு மங்குகிறது, நிறுத்திக்கொள்கிறேன்.