மேப்பில என்ட கார் கடலுக்குள்ள நிக்குது: பிளக்-இன் ஹைபிரிட்டும் பற்றறிக் கணக்கும்

வணக்கம் உறவுகளே, எல்லாரும் எப்பிடி சுகமா இருக்கிறீங்களா, நான் இப்ப உப்புவெளியில எங்கட வீட்டு வாசல்லதான் நிக்கிறன், பின்னுக்கு இரைச்சல் கேட்டா அது கடல் காத்து, மைக்குக்கு ஒரு பஞ்சு வாங்கோணும் வாங்கோணும் எண்டு ஆறு மாசமாச்சு, இன்னும் வாங்கேல்ல, மன்னிச்சுக்கொள்ளுங்க.

சரி, முதல் இதைப் பாருங்க. கமராவை உள்ளுக்கு கொண்டு போறன். இதுதான் காரில இருக்கிற திரை. எழுத்து முழுக்க ஜப்பான் எழுத்து. நடுவில ஒரு சின்ன அம்புக்குறி தெரியுதா, அதுதான் நாங்கள். சுத்தவர நீலம். ரோட் இல்ல, சந்தி இல்ல, ஒண்டுமில்ல, கார் நிக்கிறது கடலுக்குள்ள. திருகோணமலையில கடலுக்கப் போறது பெரிய விஷயமில்லத்தான், ஆனா கார் நுவரெலியாவுக்குப் போனாலும் உந்தக் கடலுக்குள்ளயேதான் நிக்குது. ஏனெண்டா இந்த மேப்பில இருக்கிறது ஜப்பான் மட்டும்தான். ஜப்பானில பாவிச்சு இங்க வாற ரீகண்டிஷன் வண்டி எடுத்த ஆக்களுக்கு இது தெரியும், ரேடியோவும் எங்கட ஸ்டேஷன் பாதி பிடிக்காது, மேப் சுத்தமா வேலை செய்யாது, நாங்களும் அதைக் கணக்கில எடுக்கிறேல்ல, போன் இருக்குத்தானே எண்டு விட்டிருவம். நானும் அப்பிடித்தான் விட்டனான். பிறகுதான் விளங்கினது, பிளக்-இன் ஹைபிரிட்டில, அதாவது வீட்டு பிளக்கில குத்தி ஏத்துற பற்றறியும் பெற்றோல் எஞ்சினும் ரெண்டும் இருக்கிற காரில, இந்த மேப் வழி காட்டுறதுக்கு மட்டும் வைச்ச சாமான் இல்ல எண்டு.

என்ட வண்டி எது என்ன கம்பனி எண்டு சொல்லமாட்டன், ஏனெண்டு கேக்காதீங்க. 12 யூனிட் பற்றறி, அதாவது கரண்ட் பில்லில வருமே அதே யூனிட்தான், வீட்டு பிளக்கில குத்தினா அஞ்சு மணித்தியாலம் வரை எடுக்கும். அந்த 12ம் முழுசா பாவிக்க ஏலாது, பற்றறி பழுதாகாமல் இருக்க அடியில ஒரு பங்கை கார் தானே ஒதுக்கி வைச்சிரும். எங்கட வெயிலுக்கு ஏசியையும் போட்டிட்டு ஓடினா ஒரு 35, 40 கிலோமீற்றர். அது முடிஞ்சா எஞ்சின் ஓடும், சாதாரண ஹைபிரிட் மாதிரி.

ரவுணுக்குள்ள மட்டும் ஓடுற ஆளெண்டா இந்த வீடியோவே தேவையில்ல. நிலாவெளி போய் வந்து, மார்க்கெட் போய், கோணேசர் கோயிலுக்கும் ஏறி இறங்கிட்டு வந்து இரவைக்கு குத்திவிட்டாச் சரி, பெற்றோல் டாங்க்கை மாசக்கணக்கா மறந்திரலாம். (2022ல கியூவில நிண்ட ஆக்களுக்கு அந்த சுகம் விளங்கும். சீனக்குடாவில வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்க் குதங்களைப் பாத்துப் பாத்து வளந்திட்டு, அதே ஊரில பெற்றோல் செட்டுக்கு முன்னால பாய் விரிச்சுப் படுத்தனாங்கள்.) பிரச்சினை வாறது தூரப் பயணத்திலதான். 180 கிலோமீற்றர் போகவேணும், கையில கரண்ட் இருக்கிறது 40க்கு. அந்த 40ஐ எந்த 40ல செலவழிக்கிறது? இதுதான் இண்டைக்கு கதை.

முதல்முறை கண்டிக்குப் போகேக்க நான் ஒண்டுமே யோசிக்கேல்ல. விடிய நாலரைக்கு வெளிக்கிட்டு, ஃபுல் சார்ஜ், ரோட்டில ஒரு குஞ்சு இல்ல, கார் சத்தமில்லாமப் போகுது, எனக்கு நல்ல சந்தோசம். கந்தளாய் வரேக்க பற்றறி முடிஞ்சுது. அதுக்குப் பிறகு ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை எல்லாம் எஞ்சின். அதுவும் பரவாயில்ல எண்டு வையுங்க. கட்டுகஸ்தோட்டையில போய் வாகன நெரிசலில மாட்டினன் பாருங்க, மூண்டு மீற்றர் போறது, நிக்கிறது, மூண்டு மீற்றர் போறது, நிக்கிறது, ஏசி வேற ஓடுது, ரெண்டு நிமிசத்துக்கொருக்கா எஞ்சின் எழும்புது படுக்குது எழும்புது படுக்குது. எனக்கு வந்த ஆத்திரம். கரண்டில ஓடியிருக்கவேண்டிய இடம் இதுதான், நான் அதைக் கந்தளாய் ரோட்டில ஊதித் தள்ளிட்டு வந்து நிக்கிறன்.

ஏன் அப்பிடிச் சொல்லுறன் எண்டா, பெற்றோல் எஞ்சினுக்கு விருப்பம் ஒரே சீரா ஓடுறது. நல்ல ரோட்டில 60, 70ல விட்டா அது தன்ட வேலையை வடிவா செய்யும். நிண்டு நிண்டு போற இடத்திலதான் குடிச்சுத் தள்ளும். மோட்டருக்கு அந்தப் பிரச்சினை இல்ல, நிக்கேக்க அது ஒண்டும் எடுக்காது, பிரேக் பிடிக்கேக்க கொஞ்சம் திருப்பியும் தரும். ஆனா வேகமாப் போனா காத்தோட முட்டுறதுக்கே பற்றறி இறங்கிரும், வேகம் ரெண்டு மடங்கானா காத்துத் தடை நாலு மடங்கு. அப்ப நெரிசலுக்கு கரண்ட், வெட்டை ரோட்டுக்கு பெற்றோல். ஆனா காருக்கு எப்பிடித் தெரியும் முன்னுக்கு கட்டுகஸ்தோட்டை வருதெண்டு? தெரியாது. தெரியாட்டி அது என்ன செய்யும், கையில இருக்கிற கரண்டை முதல் முடிச்சிட்டுத்தான் மறுவேலை பாக்கும், சம்பளம் வந்த அண்டைக்கே எல்லாத்தையும் முடிக்கிற ஆள் மாதிரி.

இந்த இடத்திலதான் நெவிகேஷன் வருது. மேப் சரியா வேலை செய்யுற நாட்டில, சரியா வேலை செய்யுற வண்டியில, நீங்க போற இடத்தை அடிச்ச உடனே அந்த வழியை நெவிகேஷன் காரின்ட கொம்பியூட்டருக்கு அனுப்பும். வெறும் இடம் வலம் இல்ல, எத்தினை கிலோமீற்றர், எங்க ஏத்தம், எங்க இறக்கம், எந்தத் துண்டில எவ்வளவு வேகம், எங்க நெரிசல், எல்லாம். கார் அந்த வழியைத் துண்டு துண்டா வெட்டி, இந்தத் துண்டு கரண்டுக்கு, இது எஞ்சினுக்கு, இது ரெண்டும் சேந்து எண்டு பிரிச்சு வைக்கும். குறி என்னெண்டா, நீங்க போய்ச் சேருற நேரம் பற்றறியும் முடியோணும். அதுக்கு முதல் முடியவும் கூடாது, மிச்சமும் இருக்கக் கூடாது, ஏனெண்டா போற இடத்தில பிளக் இருந்தா மிச்சம் கொண்டு போற கரண்ட் சும்மா காவிக்கொண்டு போன பாரம்.

ஒவ்வொரு கம்பனியும் இதை ஒவ்வொரு மாதிரி செய்யுறாங்கள். பிஎம்டபிள்யூ 2020ல இருந்து ஐரோப்பாவில ஒண்டு விட்டாங்கள், நகரத்துக்க புகை குறைக்கவேணும் எண்டு கோடு போட்டு வைச்ச பகுதிக்குள்ள கார் நுழைஞ்ச உடனே ஜிபிஎஸ்ஸால கண்டுபிடிச்சு தானாவே கரண்டுக்கு மாறிரும், டிரைவர் பட்டன் தொடத் தேவையில்ல. ஃபோர்ட் அதுக்கு முதலே தங்கட பிளக்-இன் வண்டியளில ஒரு விஷயம் வைச்சிருந்தாங்கள், நீங்க அடிக்கடி போற இடத்தை, வீடு, வேலையிடம் மாதிரி, கார் ஞாபகம் வைச்சுக்கொண்டு, அதுக்குக் கிட்ட வந்தா கூடுதலா கரண்டில ஓடப் பாக்கும். மெர்சிடிஸில சில மொடலுக்கு உங்கட காலுக்கே ஒரு தட்டு வரும், முன்னுக்கு இறக்கமோ வளைவோ வருது, அக்சிலேட்டரை விடு எண்டு. அது எனக்கு நல்லாப் பிடிச்ச விஷயம், பக்கத்தில இருந்து அப்பா தொடையில தட்டுற மாதிரி.

ஆனா ஒண்டு. போற இடத்தை அடிக்காட்டி இதில பாதி வேலை செய்யாது. வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்களுக்கும் இதைச் சொல்லுறன், வீட்டுக்குப் போற வழி தெரியும்தானே எண்டு நீங்க நெவிகேஷனில இடத்தை அடிக்கிறேல்ல, வழி உங்களுக்குத் தெரியும், காருக்குத் தெரியாது. அதோட போன்ல மேப்பைப் போட்டு கார்த் திரையில காட்டினா கார் அதைப் பாத்து கணக்குப் போடும் எண்டும் நினைக்காதீங்க, கனக்க வண்டியில அது வெறும் படம் மட்டும்தான், காரோட சேந்து வந்த நெவிகேஷனில அடிச்சாத்தான் கதை.

இப்ப நான் செய்த பெரிய பேய்த்தனத்தைச் சொல்லுறன். நுவரெலியாவில ஒரு லொட்ஜில நிண்டனாங்கள், நல்ல மனுசன், இரவைக்கு குத்திக்கொள்ளுங்க தம்பி எண்டார், நானும் சந்தோசமா குத்திட்டுப் படுத்தன். விடிய ஃபுல். றம்பொடைப் பக்கமா கண்டிக்கு இறங்குறம். இந்த வண்டியில ஸ்ரியறிங்குக்குப் பின்னால கையால இழுக்கிற ரெண்டு பிடி (பாடில்) இருக்கு, அதை இழுத்தா மோட்டர் காரைப் பிடிச்சு இழுத்து, அந்த இழுவையில வாற கரண்டை பற்றறிக்கு அனுப்பும். நான் இழுக்கிறன், கார் பிடிக்குதில்ல. திரும்ப இழுக்கிறன், இல்ல. வளைவுக்கு வளைவு கால் பிரேக்கிலயே நிக்குது, பத்துப் பதினைஞ்சு நிமிசத்தில உள்ளுக்கு ஒரு மணம் வருது, றப்பர் எரியுற மாதிரி, அம்மா பின்னுக்கு இருந்து கந்தசஷ்டி கவசம் சொல்லத் தொடங்கிட்டா. பக்கத்தில ஒரு மரக்கறிக் கடையோட நிப்பாட்டி, அரை மணித்தியாலம் ஆற விட்டு, கரட்டும் லீக்ஸும் வாங்கிட்டுத்தான் திரும்ப வெளிக்கிட்டது.

கார் பழுதில்ல. பற்றறி நிறைஞ்சிருந்தா வாற கரண்டைப் போட இடம் எங்க? நிறைஞ்ச குடத்தில எப்பிடித் தண்ணி ஊத்துறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், கண்டி 500 சொச்சம். நாங்க ஆக்களோட சாமானோட கிட்டத்தட்ட 2 டன் எண்டு வையுங்க, அவ்வளவு உயரம் இறங்கினா கணக்குப்படி 7 யூனிட்டுக்கு மேல வருது. காத்து, டயர், மோட்டர் எல்லாம் அதில தங்கட பங்கை எடுத்துக்கொள்ளும், அப்பிடிப் போனாலும் நல்ல ஒரு பங்கு பற்றறிக்கு வந்திருக்கவேண்டியது. நான் லொட்ஜ்காரற்ற கரண்டையும் எடுத்து, மலை தந்த கரண்டையும் பிரேக்கில எரிச்சு, ரெண்டு பக்கத்தாலயும் நட்டம். மேப் வேலை செய்யுற வண்டியெண்டா, முன்னுக்கு பெரிய இறக்கம் வருதெண்டு பாத்து, அதுக்கு முதலே பற்றறியைக் கொஞ்சம் குறைச்சு இடம் ஒதுக்கி வைச்சிருக்கும், டொயோட்டா மாதிரி ஆக்கள் இதை செய்யுறாங்கள். ஆனா மலை உச்சியிலயே ஃபுல்லாக்கிட்டு இறங்கினா எந்த மேப்பாலயும் ஒண்டும் செய்ய ஏலாது, அது எங்கட பிழைதான்.

சரி, மேப் இல்லாட்டி என்ன செய்யுறது? நீங்களே மேப்பா மாறவேண்டியதுதான். இதில சேவ் எண்டொரு பட்டன் இருக்கு, அமத்தினா இப்ப இருக்கிற கரண்டை கார் அப்பிடியே வைச்சுக்கொண்டு எஞ்சினில போகும். நான் இப்ப வீட்டில இருந்து அனுராதபுரச் சந்தி தாண்டி ரவுண் முடியும் வரைக்கும் கரண்ட். பிறகு சேவ். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை எல்லாம் எஞ்சின், தம்புள்ளை ரவுணுக்குள்ள மட்டும் எடுத்துவிடுறது, பிறகு திரும்ப சேவ், மாத்தளைக்கு முதல் ஏத்தத்துக்கும் பற்றறி கையில இருக்கிறது நல்லது, எஞ்சின் கத்தாமல் மோட்டர் கைகொடுக்கும். மிச்சம் முழுக்க கண்டி நெரிசலுக்கு. நுவரெலியா போனா இரவைக்கு அரைவாசிக்கு மேல ஏத்துறேல்ல, அலாரம் வைச்சு எழும்பி பிளக்கைப் புடுங்குறனான், மனுசி சிரிக்குது, சிரிக்கட்டும்.

கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில இன்னொரு காரணமும் இருக்கு. போன மாசம் பின்னேரம் ஆறரை இருக்கும், வளைவு திரும்ப ரோட்டோரம் ஒரு தனியன் யானை, ஒரு முப்பது மீற்றர் தள்ளி, காது ரெண்டையும் விரிச்சுக்கொண்டு நிக்குது. எனக்கு கை நடுங்குது. சேவ் பட்டனை எடுத்துவிட்டன், எஞ்சின் படுத்திட்டுது, சத்தமே இல்லாமல் மெதுவா ரிவேர்ஸ்ல ஒரு நூறு மீற்றர் வந்தன். அது கொஞ்ச நேரம் பாத்திட்டு, மண்ணை அள்ளி முதுகில போட்டிட்டு, ஆறுதலா ரோட்டைக் கடந்து காட்டுக்குள்ள போட்டுது. பற்றறி முடிஞ்சிருந்தா எஞ்சின் கத்திக்கொண்டுதான் பின்னுக்கு வந்திருப்பன். அதால உந்தத் துண்டில நான் சேவ் போடாமல் போறதேயில்ல.

சார்ஜ் பட்டன் பற்றி மச்சான் கேட்டவன், ஓடிக்கொண்டே எஞ்சினால பற்றறியை ஏத்துற பட்டன். எனக்கு அது பிடிக்காது. பெற்றோலை எரிச்சு கரண்டாக்கி, அதைப் பற்றறியில போட்டு, திரும்ப எடுத்து ஓட்டுறதுக்குள்ள ஒவ்வொரு படியிலயும் கொஞ்சம் கொஞ்சம் போகும். வெளிக்கிடேக்க குத்த மறந்திட்டீங்க, முன்னுக்கு பெரிய நெரிசல் இருக்கு எண்டா சரி. மற்றும்படி சேவ் காணும்.

2020ல நிப்பாட்டின இறக்குமதியை 2025ல திரும்ப விட்டிட்டாங்கள், கனபேர் புது வண்டி பாக்கிறீங்க எண்டு தெரியும். விக்கிற ஆளிட்ட மைலேஜ் கேக்கிறதோட நிக்காதீங்க, மேப்பைத் திறந்து திருகோணமலையைக் காட்டச் சொல்லுங்க. காட்டினா, ஒரு வழியை அடிச்சிட்டு பற்றறி என்ன செய்யுது எண்டு ஓட்டிப் பாருங்க. கடலைக் காட்டினா விலையில கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க.

அடுத்த கிழமை கிண்ணியாப் பாலத்தால மூதூர் போய் வாறன், ஒரு சார்ஜில எவ்வளவு தூரம் வருது எண்டு பாப்பம், வீடியோ போடுறன்... என்னம்மா? ஓம், குத்தித்தான் இருக்கு. உறவுகளே, அம்மா தண்ணி மோட்டர் போடப்போறாவாம், காரும் மோட்டரும் ஒண்டா ஓடினா ட்ரிப் சுவிட்ச் விழும், நான் போய் பிளக்கைக் கழட்டிட்டு வாறன்.