நட்சத்திர வீரருக்கு ஈடு எது?

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் ஒரு வீரரைக் கொடுக்கும் அணி, பதிலுக்கு வேறு வீரர்களையும், வருங்கால டிராஃப்டில் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகளையும் பெற்றுக்கொள்வதே வழக்கம். இரு பக்கத்துச் சம்பளத் தொகைகளும் ஏறத்தாழப் பொருந்த வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆகவே ஒரு நட்சத்திர வீரரைக் கேட்டுப் பல அணிகள் முன்வரும்போது, யார் அதிகம் தருகிறார்கள் என்பதை விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிட முடியாது.

நியூ ஆர்லியன்ஸ் அணிக்கு இந்தச் சோதனை இரண்டு முறை வந்தது. 2011 டிசம்பரில் அதன் நட்சத்திர வீரர் கிறிஸ் பாலைப் பெற, லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸும் ஹூஸ்டன் ராக்கெட்ஸும் சேர்ந்து லாமர் ஓடம், லூயிஸ் ஸ்கோலா, கெவின் மார்ட்டின் முதலிய தேர்ந்த ஆட்டக்காரர்களைத் தர ஒப்புக்கொண்டன. அப்போது நியூ ஆர்லியன்ஸ் அணியின் உரிமை லீக்கிடமே இருந்ததால், லீக்கின் ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் அதை மறுத்துவிட்டார். ஒரு வாரத்துக்குள் பால் கிளிப்பர்ஸ் அணிக்குப் போனார். பதிலுக்கு நியூ ஆர்லியன்ஸுக்கு 22 வயது எரிக் கோர்டன் உள்ளிட்ட மூவரும் ஒரு முதல் சுற்றுத் தேர்வுரிமையும் கிடைத்தன. எல்லா அணிகளுக்கும் பொதுவானவர் ஓர் அணியின் உரிமையாளராகவும் இருந்து முடிவெடுத்தது முறையல்ல என்பதே என் கருத்து. ஆனால் முப்பதைக் கடந்த அல்லது நெருங்கிய வீரர்களைவிட இளமையும் தேர்வுரிமையும் மேல் என்று எடைபோட்டதில் பிழையில்லை. கோர்டன் காயமுற்று அந்தப் பருவத்தில் 9 ஆட்டங்களே ஆடினார். தோற்றுத் தளர்ந்த அணிக்கு, டிராஃப்டில் யார் முதலில் தேர்வது என்பதைத் தீர்மானிக்கும் 2012 குலுக்கலில் முதலிடம் விழுந்து ஆன்டனி டேவிஸ் வந்தார். அது அதிர்ஷ்டத்தின் கணக்கு. எடைபோட்டவரின் திறமையில் அதைச் சேர்க்கக் கூடாது.

அதே டேவிஸ் 2019 ஜனவரியில், தம்மை வேறு அணிக்கு மாற்றும்படி வெளிப்படையாகக் கேட்டார். அதற்காக லீக் 50,000 டாலர் அபராதம் விதித்தது. வீரர் மாற்றங்களுக்கான பிப்ரவரிக் கெடுவுக்குள் முடித்துவிட லேக்கர்ஸ் துடித்தது. பாஸ்டன் செல்டிக்ஸுக்கோ, அதன் வீரர் கைரி இர்விங்கின் ஒப்பந்த வகை காரணமாக, கோடை வரும்வரை டேவிஸை வாங்கவே விதி இடம்தரவில்லை. போட்டியாளர் ஒருவர் களத்துக்கு வர முடியாத நேரத்தில் பொருளைக் கைவிடுவது விவேகமல்ல என்பதால் நியூ ஆர்லியன்ஸ் காத்திருந்தது. அந்தக் காத்திருப்பு இலவசமாகவும் கிடைக்கவில்லை: போகத் துடிக்கும் வீரரை வைத்துக்கொண்டு பருவத்தைத் தள்ள வேண்டியிருந்தது, பொது மேலாளர் டெல் டெம்ப்ஸ் பதவி இழந்தார். மே மாதக் குலுக்கலில் லேக்கர்ஸுக்கு 4ஆம் இடம் விழ, அதன் பேரத்தின் கனம் கூடியது.

ஜூனில் டேவிஸை லேக்கர்ஸுக்குக் கொடுத்துப் புதிய நிர்வாகி டேவிட் கிரிஃபின் பெற்றவை: பிராண்டன் இங்கிராம், லோன்சோ பால், ஜோஷ் ஹார்ட், அந்த 4ஆம் தேர்வு, பின்வரும் ஆண்டுகளுக்கான மேலும் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுரிமைகள், 2023 டிராஃப்டில் லேக்கர்ஸுடன் தேர்வு இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை. அடுத்தடுத்த ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகளை ஒருசேரத் தாரைவார்க்க விதி இடம்தராததால்தான் இடையில் இந்த மாற்றுரிமை வந்தது. அந்த உரிமைகளில் ஒன்று 2024ஆம் ஆண்டுக்கானது. வேண்டுமானால் அதை 2025க்குத் தள்ளிப்போடலாம். இந்தப் பேரத்தின் நுட்பமே அங்குதான் இருக்கிறது என்பேன். அன்று 34 வயதான லேக்கர்ஸ் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் அதற்குள் நாற்பதை நெருங்கியிருப்பார். லேக்கர்ஸ் தளரக்கூடிய காலத்தின் விளைச்சலைக் கிரிஃபின் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார். 2020இல் லேக்கர்ஸ் பட்டம் வென்றதைக் காட்டி நியூ ஆர்லியன்ஸ் ஏமாந்துவிட்டதாகச் சிலர் வாதிடுவதை நான் ஏற்கவில்லை. வாங்கியவருக்கு உடனடி வெற்றி தேவைப்பட்டது, கொடுத்தவருக்கு எதிர்காலம் தேவைப்பட்டது. அதே ஆண்டு இங்கிராம் மிகவும் முன்னேறிய வீரர் விருதைப் பெற்றார்.

2025 பிப்ரவரியில் டாலஸ் அணி செய்ததை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். தன் நட்சத்திர வீரரான 25 வயது லூக்கா டான்சிச்சை, மற்ற அணிகளின் காதுக்கு எட்டாமல் லேக்கர்ஸுடன் மட்டுமே பேசிக் கொடுத்துவிட்டார்கள். வந்தவை 31 வயதான டேவிஸ், மாக்ஸ் கிறிஸ்டி, 2029க்கான ஒரேயொரு முதல் சுற்றுத் தேர்வுரிமை. டேவிஸ் சிறந்த வீரர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் டான்சிச்சுக்கு மற்ற அணிகள் என்ன தந்திருக்கும் என்று டாலஸ் கேட்டுப் பார்க்கவே இல்லை. அந்த நகரத்து ரசிகர்களின் கோபம் பல மாதங்கள் அடங்கவில்லை. பேரத்தை முடித்த பொது மேலாளர் நிக்கோ ஹாரிசன் அதே ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டார்.